படல் சாத்தும் மயிலை

மயிலை கதவைத் திறந்தது, உள்ளே போனது, திரும்பி நின்று கதவைச் சாத்தியது. வந்தது வினை.

அந்தக் கதவுக்கு வெளியே, காற்றில் நின்றபடி உள்ளே வரக் காத்திருந்தது தட்டான். முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினால் மனிதனுக்கே என்ன செய்வதென்று தெரியாது. நான்கு விசிறி வைத்த பறக்கும் பெட்டி என்ன செய்யும்? கதவுக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆடிப் பார்த்தது. அப்புறம் தாழ்வாரத்து ஓரமாக இறங்கி உட்கார்ந்துவிட்டது. உள்ளே மயிலை கூட்டாளி இல்லாமல் தட்டுத் தடுமாறி, ஒரே ஒரு பொம்மையைக் கண்டுபிடித்து, நேரம் முடியும் தறுவாயில் வெளியே வந்து சேர்ந்தது. முதல் சுற்றின் முடிவில் கோயம்புத்தூர் அணி கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தது.

பார்வையாளர் கூடத்தில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிரேசில்காரர்கள் சிரித்தார்கள். செக் நாட்டு அணியின் தாடிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். வேடிக்கை பார்க்க வந்த உள்ளூர்க் கல்லூரிப் பிள்ளைகள் விசிலடித்தார்கள். மைக் பிடித்தவர் சும்மா இருக்கக் கூடாதா? "மரியாதை தெரிந்த ரோபோ!" என்று அறிவித்து எரிகிற நெருப்பில் எண்ணெயை வார்த்தார். அன்புக்கரசி மட்டும் சிரிக்கவில்லை.

மனிதர் நுழைய முடியாத இடத்துக்குள் நுழைந்து, மாட்டிக்கொண்டவர்களைக் கண்டுபிடித்துச் சொல்லும் இயந்திரங்களுக்கான உலகப் போட்டி அது. ஆண்டுக்கு ஒரு நாட்டில் நடக்கும். இந்த முறை கோயம்புத்தூருக்கு வெளியே மூடிக்கிடந்த ஒரு நூற்பாலையைப் பிடித்திருந்தார்கள். ஆலைக்குள் அறை அறையாகத் தடுத்துக் கதவு போட்டு, மேடைக் கச்சேரிகளில் விடுகிற வெண்புகையைக் கண் தெரியாதபடி நிரப்பி, உடல் சூட்டுக்குச் சூடேற்றிய நான்கு பொம்மைகளை ஒளித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொரு அணியும் தரையில் ஓடும் ஒன்றோடு, பறப்பதில் ஒன்றோ பலவோ சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு யாரும் ஓட்டக் கூடாது, ஒரு சொல் சொல்லக் கூடாது. அவையே பார்த்து, அவையே முடிவெடுக்க வேண்டும். தரையில் ஓடுவது நேரத்துக்குள் வெளியே வராவிட்டால் அந்தச் சுற்றே செல்லாது. அணித் தலைவர் கையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் இயந்திரம் நின்ற இடத்திலேயே நிற்கும். அதுவரை எடுத்த மதிப்பெண் மட்டும் கைக்கு வரும். மொத்தம் இரண்டு சுற்று. எது நல்ல சுற்றோ அதுதான் கணக்கு.

கோயம்புத்தூர் அணி என்று பெயர்தான் பெரிது. ஆட்கள் மூன்றே பேர். மயிலையின் உடம்பையும் ஒற்றைக் கையையும் செய்தவர் தம்பிதுரை. காங்கேயத்துக்காரர், கணபதியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். கன்றுக்குட்டி உயரத்தில், பட்டைச் சக்கரங்களோடு, சாம்பல் நிறத்தில் அது நின்றபோது, "அட, நம்மூரு மயிலைக் காளையாட்டமே இருக்குதே" என்று பெயர் வைத்தவரும் அவர்தான். தட்டான், உக்கடத்து ரைஹானின் பிள்ளை. கல்யாணங்களில் டிரோன் பறக்கவிட்டு, பந்தல் தோரணங்களுக்கு இடையில் புகுந்து புறப்பட்டுப் பழகிய கை அவனுடையது. இரண்டுக்கும் மூளை கொடுத்தவள் அன்புக்கரசி. கோபிசெட்டிபாளையத்துப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்து, இன்றைக்குப் பொறியியல் கல்லூரியில் பாடம் எடுப்பவள்.

அவளுக்குக் கோப்பை மேல் ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் தூக்கத்தைக் கெடுத்தது கோப்பை அல்ல, அவள் தம்பி கதிரேசன். அவன் தீயணைப்பு வீரன். போன வருஷம் ஒரு கொப்பரைத் தேங்காய் குடோனில் தீப்பிடித்தபோது எண்ணெய்ப் புகைக்குள் வழி தெரியாமல் மாட்டிக்கொண்டான். வெளியே தூக்கி வந்தபோது அவனுக்கு நினைவில்லை. பிழைத்தான். நெஞ்சில் பாதி சக்தி போயிற்று. ஆபீஸ் வேலை தருகிறோம் என்றார்கள். மாட்டேன் என்று மறுபடி வண்டியில் ஏறிவிட்டான். அவனைத் தடுத்து நிறுத்த அவளால் முடியவில்லை. அவனுக்கு முன்னால் உள்ளே போக ஒன்றை அனுப்ப முடியுமா என்றுதான் மயிலையைத் தொடங்கினாள்.

இந்தப் போட்டியில் முதல் மூன்று இடம் பிடிக்கும் இயந்திரங்களை ஒரு வருஷம் நிஜமான தீயணைப்பு நிலையங்களில் வைத்துப் பார்ப்பார்கள். எந்த நிலையம் என்பதை அணியே கேட்டு வாங்கலாம். அவள் எதைக் கேட்பாள் என்று சொல்லவே வேண்டியதில்லை. நான்காம் இடம் வந்தால் மயிலை கல்லூரிக் கண்காட்சி அறையில் கண்ணாடிக்குள் நிற்கும், கதிரேசன் புகைக்குள் தனியாகப் போவான். அவ்வளவுதான் விஷயம்.

சிரிப்பெல்லாம் ஓய்ந்த பிறகு ஜப்பானிலிருந்து வந்த நடுவர் அம்மா அவர்களிடம் வந்தார். கேலிக்கு வரவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு ஆங்கிலத்தில் கேட்டார். கதவைச் சாத்தும்படி எதற்காக அதற்குக் கற்றுக்கொடுத்தீர்கள்?

"என்னங்குது அந்தம்மா?" என்றார் தம்பிதுரை.

"எதுக்குக் கதவைச் சாத்துச்சுன்னு கேக்கறாங்கண்ணா."

தம்பிதுரை அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். "சாத்தாம? தொறந்து போட்டுட்டா போவாங்க?"

அன்புக்கரசி இதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. ஏனென்றால் அவளுக்கும் அதே பதில்தான் தோன்றியது. ரைஹானைப் பார்த்தாள். அவனும் அதற்கென்ன என்பதுபோல விழித்துக்கொண்டிருந்தான். தப்பு மயிலையிடம் இல்லை, தங்கள் மூவரிடமும்தான் என்று அந்த நிமிஷத்தில்தான் அவளுக்குப் பட்டது.

பக்கத்துக் கல்யாண மண்டபத்தைத்தான் அணிகளுக்குப் பட்டறையாகக் கொடுத்திருந்தார்கள். மூவரும் அங்கே ஓடிப்போய், மயிலைக்குப் பாடம் நடத்திய பழைய வீடியோப் பதிவுகளைப் போட்டுப் பார்த்தார்கள்.

மயிலைக்கு அன்புக்கரசி விதிகள் எழுதவில்லை. இது வந்தால் இதைச் செய், அது வந்தால் அதைச் செய் என்று எழுதினால், எழுதாத ஒன்று வரும்போது அது மலைத்து நிற்கும் என்பது அவள் கட்சி. அதனால் மூவரும் மாறி மாறி ஜாய்ஸ்டிக் பிடித்து ஓட்டிக் காட்டினார்கள். அது பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. எங்கே ஓட்டினார்கள்? நகரத்தில் இடம் ஏது? காங்கேயத்தில் தம்பிதுரையின் கொறங்காட்டில் ஓட்டினார்கள்.

கொறங்காடு என்பது மாடு மேய விடுகிற நிலம். சுற்றிலும் முள்கிளுவையில் உயிர்வேலி. உள்ளேயும் கிளுவை வைத்துத் துண்டு துண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக மரச் சட்டத்தில் முள் கட்டிய படல் இருக்கும். படலைத் திறந்து போகிறவன் சாத்திவிட்டுத்தான் போவான். தலைபோகிற அவசரமானாலும் சாத்துவான். சாத்தாமல் போனால் மாடு பக்கத்துக்காரன் சோளத்தில் இறங்கும். அப்புறம் இரண்டு குடும்பம் மூன்று தலைமுறைக்குப் பேசிக்கொள்ளாது. அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு இது மூச்சுவிடுவது மாதிரி. ரைஹான் நகரத்துப் பையன்தான். ஆனால் முதல் நாளே ஒரு படலைத் திறந்துபோட்டு வந்து தம்பிதுரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதில் அவனுக்கும் ஒட்டிக்கொண்டது.

பதிவுகளில் அதுதான் இருந்தது. யார் ஓட்டினாலும் திறந்தார்கள், போனார்கள், திரும்பினார்கள், சாத்தினார்கள். கதவு என்றால் திறப்பதும் சாத்துவதும் சேர்ந்த ஒரே வேலை என்று மயிலை கற்றுக்கொண்டது. அதைவிடக் கொடுமை, சோதனை ஓட்டங்களில் மயிலை தானாகவே படலைச் சாத்தியதை மூன்று பேரும் நேரில் பார்த்திருந்தார்கள். பார்த்துவிட்டு டீ குடித்தார்கள். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ஒருவேளை அது சாத்தாமல் போயிருந்தால் மூவரும் பதறி ஓடிப்போய் என்ன கோளாறு என்று பிரித்துப் பார்த்திருப்பார்கள்!

"சரிங்க்கா, ஆனா தட்டான் கூடவேதானே வந்துச்சு? அங்க ஒரு தடவைகூட மாட்டலையே?" என்றான் ரைஹான்.

"படலுக்கு மேல என்ன இருக்குது?"

ரைஹான் யோசித்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான். படலுக்கு மேலே வானம் இருக்கிறது. தட்டான் வேலிக்கு மேலாகவே பறந்து போயிருக்கிறது. ஆலைக் கதவுக்கு மேலே சுவரல்லவா இருக்கிறது!

"சாத்தாதேன்னு ஒரே ஒரு வரி எழுதிப்போடுங்க்கா. அஞ்சு நிமிஷ வேலை."

எழுதியிருப்பாள். கையைக் கீபோர்டில் வைத்தும் விட்டாள். அதற்குள் மயிலையின் கேமராவில் பதிவான முதல் சுற்று இன்னொரு திரையில் ஓடிக்கொண்டிருந்தது. வெளித் தாழ்வாரத்தில் திரை முழுக்கப் பால் ஊற்றியது போல வெள்ளை. கதவைச் சாத்திய அறைக்குள்ளோ புதிதாகப் புகை வராததால் இருந்தது மெலிந்து, சுவர் தெரிந்தது, மூலையில் படுத்திருந்த பொம்மையின் கால் தெரிந்தது. கிடைத்த அந்த ஒரே பொம்மை கதவைச் சாத்தியதால் கிடைத்தது. திறந்து கிடந்த அறைகளைத் தேடிய அணிகள் எல்லாம் புகையோடுதான் மல்லுக்கட்டியிருந்தன.

அவள் கொறங்காட்டுப் பதிவுகளை மறுபடி பார்த்தாள். ஓரிடத்தில் தம்பிதுரை ஓட்டுகிறார். படல் திறந்திருக்கிறது. பின்னால் ஒரு கன்று மெதுவாக, வழியில் நாலு புல்லைக் கடித்துக்கொண்டு வருகிறது. மயிலை படலைப் பிடித்தபடி நிற்கிறது. கன்று தாண்டிய பிறகு சாத்துகிறது. இன்னொன்றில் ரைஹான் ஓட்டும்போதும் அப்படியே.

"அண்ணா, இதுக்குப் பின்னால வர்றவங்களை விட்டுப்போட்டுச் சாத்தத் தெரியுதுங்க. தட்டான் பின்னால வர்ற ஆளுன்னுதான் தெரியலை."

தம்பிதுரைக்கு முகம் மலர்ந்தது. "அப்ப அதுவும் நம்ம மந்தைதான்னு சொல்லிப்போடு அம்மணி. தீந்துது சோலி."

மறுநாள் பூராவும் மண்டபத்தின் மணமகள் அறைக் கதவில் பாடம் நடந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் மயிலையை ஓட்டினார்கள். ரைஹான் தட்டானைச் சீக்கிரமாக விட்டான், தாமதமாக விட்டான், தரையை உரசி விட்டான், விட்டத்தை உரசி விட்டான். ஒவ்வொரு தடவையும் மயிலை நின்று, தட்டான் நுழைந்த பிறகு சாத்த வேண்டும். அந்தி சாயும் நேரத்தில் அவர்கள் கையை எடுத்துவிட்டார்கள். மயிலை தானாகவே நின்றது, தட்டான் அதன் கைக்கு மேலாக வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, மயிலை கதவைச் சாத்தியது. அன்புக்கரசி பலமுறை பார்த்தும் அவளுக்குச் சலிக்கவில்லை. இது நான் செய்ததுதானா என்று ஒருபக்கம் சந்தேகமாக இருந்தது.

இரண்டாம் சுற்று நாளன்று கதிரேசன் இரவுப் பணி முடித்து, காக்கிச் சட்டையைக் கூட மாற்றாமல் ஈரோட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தான். மற்ற அணிகளின் ஓட்டத்தை அக்காவும் தம்பியும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். செக் நாட்டு ஆறுகால் இயந்திரம் இடிந்த படிக்கட்டில் ஒவ்வொரு கல்லையும் தொட்டுப் பார்த்து ஏறியது. ஜப்பானின் குட்டி டிரோன்கள் குருவிக் கூட்டமாக ஜன்னல் வழியே பிரிந்து, பிரிந்தவை மறுபடி கூடின. கதிரேசன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான்.

"இதெல்லாம் யாரும் ஓட்டறதில்லீங்களா?"

"யாரும் இல்லை சாமி. அதுகளேதான்."

"அடேங்கப்பா," என்றான்.

கடைசியாக மயிலையை இறக்கினார்கள். முதல் கதவு வந்தது. திறந்தது, போனது, திரும்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. கூடத்தில் பழைய சிரிப்பு மறுபடி கிளம்பியது. புகைக்குள்ளிருந்து தட்டான் வந்தது, உள்ளே நுழைந்தது. மயிலை கதவைச் சாத்தியது. சிரிப்பு பாதியில் நின்றது. இரண்டாம் கதவிலும் அப்படியே. அந்த அறையில் முதல் பொம்மை கிடைத்தது. மூன்றாம் கதவைத் தாண்டி இன்னும் இரண்டு. தட்டான் மேலே போய் வழி பார்த்துச் சொல்ல, மயிலை கீழே தேட, சாத்திய கதவுகளுக்குப் பின்னால் புகை சுவரில் மோதித் திரும்பியது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. பிரேசில்காரர்கள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அன்புக்கரசி சிவப்புப் பொத்தானை உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருந்தாள்.

கடைசி அறை இருந்தது நீளமான ஒரு தாழ்வாரத்தின் முடிவில். மயிலை அதன் கதவைத் திறந்ததும், அதன் வெப்பக் கண்ணில் அறையின் மூலையில் கிடந்த நான்காம் பொம்மை சிவப்பாகத் தெரிந்தது. பெரிய திரையில் எல்லாரும் பார்த்தார்கள். உள்ளே போய்க் குறித்துவிட்டு, பக்கத்து வாசல் வழியாக வெளியே வந்தால் முதல் இடம். கூடம் ஆர்ப்பரித்தது.

மயிலை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. தட்டான் வரவில்லை.

தாழ்வாரத்தின் மேலே பழைய பஞ்சுக் குழாய் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. புகையில் அதில் மோதித் தட்டான் விழுந்துவிட்டது. ஒரு விசிறி மட்டும் தரையில் கிடந்து துடித்தது. மயிலைக்கு அது தெரியாது. அது காத்திருந்தது. நேரம் ஓடியது. பொம்மை உள்ளே கண்ணுக்கு முன்னால் கிடந்தது. ஆனாலும் அது உள்ளே போகவில்லை.

பிறகு யாரும் நினைக்காத ஒன்று நடந்தது. மயிலை மெதுவாகக் கதவை விட்டது. உடம்பைத் திருப்பி, வந்த வழியே புகைக்குள் போனது.

மணமகள் அறைக் கதவில் அவர்கள் கற்றுக்கொடுத்தது காத்திருக்கத்தான். வராதவரைத் தேடிக்கொண்டு திரும்பிப் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. எந்தக் கன்றுக்காக எந்த நாளில் யார் திரும்பிப் போனார்களோ, அதை இது எப்போது பார்த்து வைத்ததோ? செக் நாட்டுத் தாடிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அன்புக்கரசிக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. கூடவே கண் கடிகாரத்துக்குப் போனது. நேரம் இருந்தது கொஞ்சம்தான். தேடிப் பிடித்து, இழுத்து வந்து, வெளியே வருவதற்குள் முடிந்துவிட்டால் இந்தச் சுற்றே செல்லாது. மூன்று பொம்மையும் போய்விடும், எல்லாம் போய்விடும்.

"அக்கா, அழுத்திப்போடுங்க! மூணாவது எடம் கையில இருக்குது!" என்று கத்தினான் ரைஹான்.

"பொறு அம்மணி, பொறு. அது ஏதோ பண்ணுது," என்றார் தம்பிதுரை.

அன்புக்கரசி தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. திரையிலேயே கண்ணாக இருந்தான். அவன் மூச்சு இழுக்கும் சத்தம் அவளுக்குக் கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடியில் ஒரு விசில் சத்தம். குடோன் தீக்குப் பிறகு ஒட்டிக்கொண்ட சத்தம் அது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

திரையில் புகைக்கு நடுவே மயிலை வெறும் நிழலாக நின்றது. கோயம்புத்தூர், மூன்றாம் இடம். ரைஹான் குதித்தான். கூடம் கை தட்டியது. ஆனால் மனசு விட்டுத் தட்டவில்லை, நல்ல கதையைப் பாதியில் நிறுத்தியவளுக்குத் தட்டுகிற தட்டு. அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. வேண்டியது கிடைத்துவிட்டது; நெஞ்சு மட்டும் கனத்தது.

"ஏனுங்க்கா நிறுத்திப்போட்டீங்க?" என்றான் கதிரேசன்.

"உனக்காகத்தான் சாமி."

அவன் திரையில் நின்றுபோன மயிலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சுற்று முடிந்தால் இயந்திரங்களை அணியே எடுத்துக்கொண்டு வர வேண்டும். தம்பிதுரையும் ரைஹானும் நடுவர்களிடம் பேசிக்கொண்டிருக்க, அன்புக்கரசி உள்ளே கிளம்பினாள். கதிரேசனும் எழுந்தான்.

"நீ வேண்டாம். உனக்குப் புகை ஆகாது."

"மேடைப் புகைதானுங்க்கா. இதுக்குப் பயந்தா நான் என்ன பயர் சர்வீஸு?"

தாழ்வாரத்தில் புகை இன்னும் கனமாகவே இருந்தது. சுவரைத் தடவித்தான் போக வேண்டியிருந்தது. கொஞ்ச தூரத்தில் காலில் ஏதோ தட்டியது. குனிந்தாள். மயிலை. அதன் கை நீண்டு, தட்டானின் ஒரு காலைப் பிடித்திருந்தது. அவள் பொத்தானை அழுத்தியபோது அது தேடிக்கொண்டிருக்கவில்லை, தேடி எடுத்துவிட்டிருந்தது.

அவள் அப்படியே முழந்தாளிட்டாள். ஆறு நட்டும் எட்டு போல்ட்டும் என்று தம்பிதுரை கிண்டலடிக்கும் அந்தக் கையை, சாமி சிலையைத் தொடுவதுபோலப் பயந்து பயந்து தொட்டாள். உன்னை முடிக்க விட்டிருக்கலாமே என்று வாய்விட்டே சொன்னாள். போட்டி முடிந்துவிட்டது, இனி எந்த விதியும் இல்லை. சிவப்புப் பொத்தானை விடுவித்தாள்.

மயிலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. தட்டானைத் தரையோடு இழுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் போனது. அவள் பின்னாலேயே, கை அதன் முதுகில் இருக்க, குழந்தை மாதிரி நடந்தாள். திறந்தே கிடந்த கடைசிக் கதவுக்குள் மயிலை நுழைந்தது. தட்டானை உள்ளே விட்டது. கதவைப் பிடித்தது. அவளும் நுழைந்தாள். ஜன்னலோர மூலையில் நான்காம் பொம்மை படுத்திருந்தது. வெளிச்சம் தெரிந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. முடித்துவிட்டது, பார்!

இனி சாத்த வேண்டியதுதான். ஆனால் மயிலை சாத்தவில்லை.

தட்டான் வந்தாயிற்று, அவள் வந்தாயிற்று, பின் என்ன? பாதியில் நிறுத்தியதில் ஏதாவது பழுதாகிவிட்டதோ என்று பயந்து, அதன் முதுகிலிருந்த சின்னத் திரையைக் குனிந்து பார்த்தாள். மயிலை பார்ப்பதெல்லாம் அதில் தெரியும்.

தாழ்வாரம் நீலமாகத் தெரிந்தது. அதன் நடுவில் சிவப்பாக ஓர் உருவம். சுவரில் ஒரு கை, நெஞ்சில் ஒரு கை, பாதி மடங்கி நின்றது.

தம்பி பக்கத்தில்தான் வருகிறான் என்று நினைத்திருந்தாள். இருமல் சத்தம் கேட்டதா? கேட்டிருக்கலாம். அவள் மயிலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவனுக்காக இத்தனையும் செய்தாளோ அவனைப் புகைக்குள் விட்டுவிட்டு, ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் வந்திருந்தாள்.

"கதிரேசா!"

பதிலுக்கு இருமல் மட்டும் வந்தது. அவள் பாய்ந்து வெளியே போவதற்குள், மயிலையின் நெற்றி விளக்கு தாழ்வாரத்துப் புகைக்குள் எரிந்தது. உருவம் நிமிர்ந்தது, வெளிச்சத்தைப் பார்த்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக வந்தது. மயிலை கதவை அசைக்காமல் பிடித்திருந்தது. கதிரேசன் அதன் கைக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தான். அவன் பின்கால் வாசலைத் தாண்டிய பிறகு மயிலை கதவைச் சாத்தியது.

அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சை இழுத்து இழுத்துச் சமனாக்கினான். அப்புறம் சிரித்தான். குற்றம் சொல்லுகிற சிரிப்பு அல்ல. ஆச்சரியம் தாங்காத சிரிப்பு.

"நீங்க போயிட்டீங்க்கா. இது நின்னுதுங்க."

வெளியே மைக்கில் மூன்றாம் பரிசுக்காரர்களை மேடைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்புக்கரசி தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு, பொம்மைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வெட்கப்படாமல் அழுதாள்.